படுதாக்காரரின் கடல்: கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டை முன்வைத்து

ஐரோப்பியக் கடல் ஓவியம் குறித்துத் தமிழில் எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஒரே துறைமுகத்தில்தான் கரையிறங்குகிறார்கள். அத்துறைமுகத்தின் பெயர் டர்னர். அதில் பிழையொன்றுமில்லை, இறங்கத் தகுந்த துறைமுகம்தான். அதற்கு அப்பால் கடலே இல்லை என்று நம்பிவிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. டர்னர் தீர்க்கதரிசி, அவர் காலத்துப் பிற கடல் ஓவியர்கள் கயிற்றையும் பாயையும் எண்ணி எண்ணி வரைந்த கைவேலைக்காரர்கள் என்றொரு தீர்ப்பு இங்கிலாந்தில் எழுதப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாகக் கைமாறி, அச்சுப் படங்களின் வழியாகவும் விமர்சன நூல்களின் வழியாகவும் நம் சிற்றிதழ்ப் பக்கங்களுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. தீர்ப்பை எழுதியவர் யார், எந்த வழக்கில் எழுதினார், எதிர்த்தரப்பு அழைக்கப்பட்டதா என்று நாம் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பில் ஒருவரை அழைத்து நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கம். அவர் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டு. 1793இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுக நகரில் பிறந்து, 1867இல் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் மறைந்தவர். விக்டோரியா அரசியின் ஆட்சியில் முதல் முப்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் 'கடல்' என்றதும் கண்முன் கொண்டுவந்த காட்சிகளில் பெரும்பகுதியை வரைந்தவர் இவர் என்றால் மிகையாகாது. இன்று இவர் பெயர் கலை வரலாற்று நூல்களில் ஒரு வரி. அதிலும் பாதி வரி 'முன்னாள் நாடகக் காட்சி ஓவியர்' என்பது. அந்தப் பாதி வரிக்கு எதிராகத்தான் நான் எழுதுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நெடுங்காலமாகப் பல ஏடுகளும் பட்டியல்களும் இவரை 'வில்லியம் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டு' என்று குறித்து வந்திருக்கின்றன. வில்லியம் என்ற பெயர் இவருக்கு இருந்ததே இல்லை. யாரோ ஒருவர் சேர்த்தார், பின்வந்தோர் சரிபாராமல் பெயர்த்தெழுதினார்கள். ஓர் ஓவியருடைய பெயரையே சரியாக எழுதாத மரபு அவருடைய கலையைச் சரியாக எடைபோட்டிருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. தவிரவும், அந்தப் பொய்ப்பெயர் முன்னால் வந்து நின்றதால் மறைந்துபோனது சாதாரணப் பெயரன்று. கிளார்க்சன் என்பது குடும்பப் பெயருமன்று, புனிதர் பெயருமன்று. அடிமை வாணிகத்துக்கு எதிராக இங்கிலாந்தெங்கும் குதிரையேறிச் சான்றுகள் திரட்டிய தாமஸ் கிளார்க்சனின் பெயர் அது. அந்தப் பெயரைத் தம் மகனுக்கு இட்டவர் அதற்குரிய தகுதியைத் தம் உடம்பால் ஈட்டியவர்.

* * *

தந்தை ஜேம்ஸ் ஃபீல்டு ஸ்டான்ஃபீல்டு ஐரிஷ்காரர். பாதிரியாராவதற்காகப் பிரான்சில் படித்து, அந்த வழியை விட்டுக் கடலுக்குப் போனவர். 1774இல் லிவர்பூலிலிருந்து ஆப்பிரிக்காவின் பெனின் கரைக்குச் சென்ற ஓர் அடிமைக் கப்பலில் அவர் மாலுமி. அந்தப் பயணத்தில் கப்பலாட்கள் நோயிலும் கசையடியிலும் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். பிறகு ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் நடிகரானார். 1788இல் அந்தப் பயணத்தைப் பற்றித் தாமஸ் கிளார்க்சனுக்கு எழுதிய கடிதங்களாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். மறு ஆண்டே அதே பொருளில் மூன்று காண்டங்கள் கொண்ட நெடுங்கவிதை. அடிமை வாணிகத்தைக் கப்பல் தளத்தில் நின்று பார்த்த ஒரு சாதாரண மாலுமி எழுதிய மிகத் தொடக்ககாலச் சான்றுகளுள் இவை அடங்கும். அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க்கஸ் ரெடிக்கர் அடிமைக் கப்பலைப் பற்றி 2007இல் எழுதிய நூலில் இவருக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

இதே மனிதர் 1813இல் இன்னொரு நூலும் எழுதினார். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எவ்வாறு ஆராய்வது, எவ்வாறு எழுதுவது என்பது பற்றியது. வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகையை ஆங்கிலத்தில் முழுநூலாக ஆராய்ந்த முதல் முயற்சி என்று அதைச் சொல்வதுண்டு. வாழ்க்கை வரலாற்று இலக்கணம் எழுதியவரின் மகனுக்கே ஒழுங்கான வாழ்க்கைக் குறிப்பு நெடுநாள் வாய்க்கவில்லை என்பதை என்னவென்று சொல்வது?

மகனுக்கு ஓவியம் முதலில் தொழிலாகவே அறிமுகமாயிற்று. எடின்பரோவில் கோச்சு வண்டிகளின் கதவுகளில் பிரபுக் குடும்பங்களின் சின்னங்களைத் தீட்டும் ஓவியரிடம் பயிற்சிக்கு விடப்பட்டான். அது பிடிக்காமல் 1808இல் வணிகக் கப்பலில் ஏறினான். 1812இல் அரசுக் கடற்படையின் ஆள்பிடிப்புக் குழுவிடம் அகப்பட்டான். நெப்போலியனோடு போர் நடந்த காலம். கடலறிந்த இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றுவது சட்டபூர்வமான வழக்கம். ஷியர்னெஸ் துறையில் நின்ற 'நாமூர்' என்னும் காவல் கப்பலில் அவன் சேர்க்கப்பட்டான். அப்போது அக்கப்பலின் தலைவர் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்லஸ் ஆஸ்டின். பின்னாளில் நாடகாசிரியராகவும் அங்கத எழுத்தாளராகவும் பெயர்பெற்ற டக்ளஸ் ஜெரால்டு அதே கப்பலில் சிறுவன். மாலுமிகள் பொழுதுபோக்க நாடகம் போட்டார்கள். அதற்குக் காட்சி எழுதியவன் ஸ்டான்ஃபீல்டு. பலர் பார்க்க அவர் வைத்த முதல் ஓவியங்களுள் இவையும் சேரும். அவை மாட்டப்பட்ட இடம் எந்த அகாதெமியின் சுவருமன்று, போர்க்கப்பலின் மரத்தளம். அந்தக் கப்பலின் மரங்கள் 1995இல் சாத்தம் கப்பல்தளத்துப் பட்டறை ஒன்றின் தரைப்பலகைகளுக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டன. கப்பலைத் தோண்டியெடுத்துவிட்டார்கள்; அதில் பணிபுரிந்த ஓவியரைத் தோண்டியெடுக்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

விபத்தில் அடிபட்டு 1814இல் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிகத்துக்காக ஓடிய 'வார்லி' கப்பலில் சீனா சென்று திரும்பினார். 1816இல் லண்டன் கிழக்குப் பகுதியில் வெல்குளோஸ் சதுக்கத்தில் இருந்த ராயல்டி நாடக அரங்கில் காட்சி ஓவியராக வேலைக்கு அமர்ந்தார். துறைமுகத்தை ஒட்டிய மலிவான அரங்கு அது. மாலுமிகள் கூடும் இடம். கடற்காட்சியில் ஒரு கயிறு தவறான இடத்தில் கட்டப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய பார்வையாளர்கள் முன்னால் தம் தொழிலைத் தொடங்கிய ஓவியர் இவர். ராயல் அகாதெமியின் எந்தத் தேர்வுக் குழுவும் இவ்வளவு கடுமையாக இருந்திருக்க முடியாது.

* * *

இனி அந்த வசைச்சொல்லுக்கு வருவோம்: காட்சி ஓவியர். நம் நாடக மொழியில் சொன்னால், படுதா எழுதுகிறவர்.

நாடகப் படுதா எழுதுவது என்ன வேலை என்பதைத் தெரிந்துகொண்டுதான் அதை இழிவாகச் சொல்கிறோமா? வண்ணப் பொடியைச் சூடான வச்சிரப் பசை நீரில் கலந்து, பல முழ அகலமுள்ள துணியில், அது உலருமுன் எழுத வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம். உலர்ந்தால் வேறொரு நிறம். எழுதும்போதே உலர்ந்த நிறத்தை மனத்தில் கண்டு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் நின்று எழுதுவதைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுடைய கண்ணால் பார்க்க வேண்டும். அதோடு, 1817 முதல் லண்டனின் பெரிய அரங்குகளில் வாயு விளக்கு வந்துவிட்டது. பகலொளியில் எழுதியது வாயு விளக்கின் மஞ்சளில் எப்படித் தோன்றும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஒளி எப்படி நிறத்தை மாற்றுகிறது என்பதை நாள்தோறும் தொழிலாகக் கற்றவர்கள் அக்காலத்தில் இந்தப் படுதாக்காரர்கள்.

1823இல் ஸ்டான்ஃபீல்டு டுரூரி லேன் அரங்கின் ஓவியரானார். 1834வரை அங்கே இருந்தார். கிறிஸ்துமஸ் காலக் கூத்துகளுக்காக அவர் எழுதிய 'டயோரமா'க்கள் லண்டனின் பேச்சாக இருந்தன. இரு உருளைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான அடி நீளத் துணி மெல்ல நகரும். பார்ப்பவர் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கடற்கரை நெடுகப் பயணம் போவார். நாடக விளம்பரங்களில் நடிகர் பெயருக்கு நிகராக ஓவியர் பெயர் அச்சாயிற்று. அரங்கை விட்ட பின்னும் நடிகர் மாக்ரெடிக்காக 1839இல் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'க்கும், 1842இல் 'ஏசிஸும் கலாட்டியாவும்' என்ற இசை நாடகத்துக்கும் காட்சிகள் அமைத்துக் கொடுத்தார். பின்னதில் சிசிலிக் கரையில் அலை வந்து மோதித் திரும்பும் காட்சியை மேடையிலேயே நிகழ்த்திக் காட்டினார்.

இவற்றில் பெரும்பாலானவை இன்றில்லை. பருவம் முடிந்ததும் துணியைக் கழுவி அதன்மேலேயே அடுத்த நாடகத்தின் காட்சியை எழுதுவது அரங்குகளின் சிக்கன வழக்கம். சிந்தித்துப் பாருங்கள்: ஓர் ஓவியருடைய மிகப் பெரிய படைப்புகள் அவர் கண்முன்னாலேயே கழுவப்பட்டன. எஞ்சியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இவர் சிறிய ஓவியர்' என்று தீர்ப்பெழுதுவது, ஏடுகள் கரையானுக்குப் போன ஒரு புலவனைக் கிடைத்த நான்கு செய்யுட்களால் அளந்து 'இவனுக்கு நாலு பாட்டுதான் வரும்' என்று சொல்வதற்கு ஒப்பானது.

இங்கே டர்னர் பக்தர்கள் அதிகம் பேசாத ஒரு செய்தியும் உண்டு. 1791இல், பதினாறு வயதில், டர்னரே லண்டன் பாந்தியன் ஓப்பரா அரங்கில் காட்சி ஓவிய உதவியாளராகக் கூலிக்கு வேலை செய்திருக்கிறார். டர்னரின் இளமையைச் சொல்லும்போது இது 'பன்முகப் பயிற்சி' ஆகிறது. ஸ்டான்ஃபீல்டிடம் வரும்போது அதுவே 'நாடகத்தனம்' ஆகிவிடுகிறது. ஒரே மாவுக்கு இரண்டு தராசு.

* * *

தராசைச் செய்தவர் ஜான் ரஸ்கின். 1843இல் வெளிவந்த 'நவீன ஓவியர்கள்' முதல் தொகுதி, டர்னரை இழித்துரைத்த ஒரு பத்திரிகை விமர்சனத்துக்குப் பதில் சொல்லும் வேகத்தில் முளைத்த நூல். அதாவது அது வழக்கறிஞரின் வாதம், நீதிபதியின் தீர்ப்பன்று. ஆயினும் அந்த நூலில்கூட ஸ்டான்ஃபீல்டைப் புறந்தள்ள ரஸ்கினால் முடியவில்லை. ஆங்கில மெய்ம்மைவாதிகளின் தலைவர் என்று அவரை ஒப்புக்கொள்கிறார். கடலையும் கப்பலையும் அவரைப்போல் அறிந்தவர் அரிது என்பதையும் மறைக்கவில்லை. பிறகுதான் அந்தக் கொக்கியைப் போடுகிறார்: இவர் இவ்வளவு கெட்டிக்காரராக இல்லாமல், இன்னும் சற்று நெஞ்சைத் தொடுபவராக இருந்திருக்கலாம் என்று.

பின்வந்தோர் ஒப்புதலை விட்டுவிட்டுக் கொக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அறிவு மிகுந்தால் உணர்ச்சி குறையும் என்ற ரொமாண்டிக் காலத்து மூடநம்பிக்கை அதற்குள் இருக்கிறது. கப்பலை அறிந்தவன் கப்பலைக் கண்டு நடுங்க மாட்டான், அறியாதவனே நடுங்குவான், நடுக்கமே கலை என்பது அதன் சாரம். இது கரையில் நிற்பவனுடைய அழகியல். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவனுக்கே அறுந்துகொண்டிருக்கும் கயிறு உண்மையான அச்சத்தைத் தரும்.

1842இல் டர்னர் ஒரு பனிப்புயல் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அந்தப் புயலில் தாமே இருந்ததாகத் தலைப்பிலேயே எழுதினார். பாய்மரத்தில் தம்மைக் கட்டச் சொல்லி நான்கு மணிநேரம் புயலைப் பார்த்ததாகவும் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகிறார்கள். கதை பொய்யானாலும் ஓவியம் மெய்தான். அதில் எனக்கு வழக்கில்லை. என் கேள்வி வேறு. நான்கு மணிநேரம் மரத்தில் கட்டப்பட்டிருந்ததாகச் சொன்னவரின் கதை ஒவ்வொரு நூலிலும் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் கட்டாயத்தின் பேரில் கப்பலில் கட்டுண்டு கிடந்தவரின் கதை 'முன்னாள் மாலுமி' என்ற இரண்டு சொல்லில் முடிகிறது. ஒருவன் அனுபவத்தைத் தேடிச் சென்றால் அது கலை; அனுபவம் ஒருவனைப் பிடித்து இழுத்துச் சென்றால் அது பிழைப்பு. இந்த வேறுபாட்டை வகுத்தது அழகியலா, வர்க்கமா?

* * *

ஓவியங்களையே பார்ப்போம். ஸ்டான்ஃபீல்டின் எல்லாப் படங்களையும் நான் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. பிரபுக்களின் மாளிகைச் சுவர்களுக்காக அவர் எழுதிய வெனிஸ் காட்சிகள் அழகானவை, அவ்வளவுதான். புதிய லண்டன் பாலத்தின் திறப்புவிழாவை நான்காம் வில்லியம் மன்னருக்காக வரைந்தது அரசாங்கக் கடமை. ராயல் அகாதெமி 1832இல் அவரைத் துணை உறுப்பினராகவும் 1835இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டதற்கு இப்படங்களும் உதவியிருக்கலாம். அவற்றுக்காக நான் வழக்காட வரவில்லை.

1836இல் எழுதிய 'டிரஃபால்கர் போர்' லண்டனில் படை அதிகாரிகளின் சங்கமான யுனைடெட் சர்வீஸ் கிளப்புக்காக எழுதப்பட்டது. 1833இல் செய்த முன்வரைவு டேட் தொகுப்பில் இருக்கிறது. இதே போரை டர்னர் 1824இல் நான்காம் ஜார்ஜ் மன்னருக்காகப் பேருருவில் வரைந்திருந்தார். வெவ்வேறு நேரங்களில் நடந்தவற்றை ஒரே கணத்தில் சேர்த்திருந்தார். கடற்படையினர் குறை சொல்ல, 1829இல் அது அரண்மனையிலிருந்து கிரீனிச்சுக்கு அனுப்பப்பட்டது. டர்னர் காலத்தைக் கலைத்தது கவிஞனின் உரிமை என்று வாதிடலாம்; நானே வாதிடுவேன். ஆனால் போரில் நின்றவர்களும் வந்து சாப்பிடக்கூடிய கூடத்தில் அந்தப் போரையே எழுதி மாட்டுவது வேறுவிதத் துணிவு. அங்கே உண்மைக்குக் கடமைப்பட்டிருப்பது அடிமைத்தனமாகாது.

அதைவிட முக்கியமானது 1853இல் அவர் எழுதிய படம்: டிரஃபால்கருக்குப் பின் 'விக்டரி' கப்பல் ஜிப்ரால்டருக்கு இழுத்து வரப்படும் காட்சி. 1805 அக்டோபர் 21இல் போர் முடிந்தது. ஒரு வாரம் கழித்து, மரங்கள் முறிந்து, தானாக ஓட இயலாத அந்தக் கப்பலை 'நெப்டியூன்' என்ற இன்னொரு கப்பல் இழுத்து வந்தது. உள்ளே பிராந்திப் பீப்பாயில் நெல்சனின் உடல். ரயில்பாதை ஒப்பந்தக்காரர் மார்ட்டன் பீட்டோ தம் மாளிகைக்காக எழுதச் சொன்ன படம். வேறொருவராயின் பீரங்கிப் புகையையும் சாகும் தளபதியையும் எழுதியிருப்பார். ஸ்டான்ஃபீல்டு எழுதியது போர் முடிந்த பிறகு எஞ்சும் வேலையை. இழுத்துக் கரைசேர்ப்பது என்ற வேலையை. வெற்றி என்று பெயர்கொண்ட கப்பல் தானாக நகர முடியாமல் பிறரால் இழுக்கப்படுகிறது. இதில் 'கெட்டிக்காரத்தனம்' மட்டும்தான் இருக்கிறது என்று சொல்பவரிடம் நான் மேலே பேச ஒன்றுமில்லை.

1856இல் அகாதெமியில் வைக்கப்பட்ட 'கைவிடப்பட்டது' என்ற படம் இன்னும் ஒரு படி போகிறது. நடுக்கடலில் ஆளில்லாத, சிதைந்த ஒரு கப்பல். அலை. வானம். மனித உருவமே இல்லை. மனிதரைப் பற்றியே நினைக்கவைக்கும் படம். எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்ற கேள்வியை வெறும் மரக்கூட்டைக் காட்டியே எழுப்பிவிடுகிறார். நெஞ்சைத் தொட வேண்டும் என்று 1843இல் ரஸ்கின் கேட்டதற்கு இதைவிட அமைதியான மறுமொழி இருக்க முடியாது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1846இல் வரைந்த 'டாகர் மணல்திட்டில்' என்ற படமும், ஷெல்ட் ஆற்றில் செல்லும் சந்தைப் படகை 1826இல் வரைந்ததும் உள்ளன. வடகடலின் மீன்பிடித் திட்டில் கொந்தளிக்கும் நீரில் பிழைப்பைத் தேடும் படகுகள். சந்தைக்குச் சரக்கேற்றிப் போகும் படகு. இவரது கடல் தரிசனம் தரும் கடலன்று. கூலி தரும் கடல், சில சமயம் அதையும் தராத கடல். கப்பல்தலைவராக இருந்து நாவலாசிரியரான மரியாட் தம் கடற்கதைகளுக்குப் படம் எழுத இவரைத் தேடி வந்ததும், சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'லிட்டில் டாரிட்' நாவலை இவருக்குக் காணிக்கையாக்கியதும் தற்செயலல்ல. 1855இல் டிக்கன்ஸ் தம் வீட்டில் நடத்திய 'கலங்கரை விளக்கம்' நாடகத்துக்காக ஸ்டான்ஃபீல்டு ஒரு படுதா எழுதிக் கொடுத்தார். நட்புக்காக எழுதியது. டிக்கன்ஸ் 1870இல் மறைந்த பின் ஏலத்தில் அது கிட்டத்தட்ட ஆயிரம் கினிக்குப் போயிற்று. கழுவப்படாமல் தப்பிய படுதாவின் விலை அது.

* * *

இப்போது எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு வெற்றி கொண்டாடுவது முறையன்று.

அவர்கள் கேட்கக்கூடியது இது: 'அடிமை வாணிகத்தை எதிர்த்த தந்தையின் மகன், கிளார்க்சன் என்ற பெயரைச் சுமந்தவன், அடிமைக் கப்பலை வரைந்தானா? வரைந்தது டர்னரல்லவா?' 1840இல் டர்னர் காட்சிக்கு வைத்த 'அடிமைக் கப்பல்' ஓவியத்தில், புயல் வருமுன் நோயுற்றவர்களும் இறந்துகொண்டிருப்பவர்களும் கடலில் வீசப்படுகிறார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக 1781இல் 'சோங்' கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்த கொடுமை அதன் பின்னணி என்று பலர் கருதுகிறார்கள். ஸ்டான்ஃபீல்டின் பெயர் சொல்லும் படங்களில் அப்படியொன்று இல்லை. இந்த மௌனம் மெய்யான குறை. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். தந்தையின் கடிதங்கள் இரண்டு துன்பங்களைப் பேசின: விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கர்களின் துன்பம், அடிபட்டுச் செத்த மாலுமிகளின் துன்பம். மகன் இரண்டாவதை வாங்கிக்கொண்டார். முதலாவது அவர் தூரிகைக்கு வந்து சேரவில்லை. அவர் கலையின் எல்லை அங்கே நிற்கிறது.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டை எடுத்துவரும் உரிமை யாருக்கு உண்டு? 'அடிமைக் கப்பல்' ஓவியத்தை 1844இல் தந்தையின் பரிசாகப் பெற்றுச் சில காலம் தம் வீட்டில் வைத்திருந்தவர் ரஸ்கின். அந்த ஓவியத்தைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் ஆங்கில உரைநடையின் உச்சிகளில் ஒன்று என்பார்கள். அலையின் வளைவும், அந்தியின் செம்மையும், நீரின் மேல் விழும் நிழலும் அங்கே விரிந்து கிடக்கின்றன. அது அடிமைக் கப்பல் என்ற செய்தியும், வீசப்பட்ட உடல்களும்? அடிக்குறிப்பில். ரஸ்கின் பின்னர் அதை விற்றுவிட்டார். இன்று அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டர்னரும் பிறவியிலேயே இந்த அறத்தோடு வந்தவரல்லர். 1805இல், அடிமைகளின் உழைப்பில் நடந்த ஒரு ஜமைக்கா கால்நடைப் பண்ணைத் திட்டத்தில் நூறு பவுன் முதலீடு செய்தவர். பின்னர் மனம் மாறியிருக்கலாம். மாறியதன் சான்றாகவே அந்த ஓவியத்தைக் கொள்ளலாம். மனிதன் மாறுவது சிறுமையன்று. ஆனால், அந்த ஓவியத்தின் புகழ்பாடும் மரபு அதன் பொருளை அடிக்குறிப்பில் தள்ளியது. அடிமைக் கப்பலின் தளத்திலேயே நின்று சான்று எழுதிய ஜேம்ஸ் ஸ்டான்ஃபீல்டுக்கு அடிக்குறிப்பில்கூட இடம் தரவில்லை. அந்த மரபு மகனைப் பார்த்து 'உன் அறம் எங்கே' என்று கேட்பது எனக்கு நகைப்பையே தருகிறது.

* * *

ஒரு பழைய ஆங்கிலேய ஓவியருக்காக நாம் ஏன் இங்கே மல்லுக்கட்ட வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் மேலைக் கலையைப் பெரும்பாலும் படங்களால் அறிவதில்லை, தீர்ப்புகளால் அறிகிறோம். உள்ளங்கை அளவு அச்சுப் படத்தையும் அதன் கீழே உள்ள பத்து வரியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோம். படத்தைப் பார்க்க வாய்ப்பில்லாதபோது தீர்ப்பையாவது பரிசோதிக்க வேண்டாமா? 'நவீனத்தை முன்னறிவித்தவர்' என்பதே உயர்வுக்கு ஒரே அளவுகோல் என்றால், தன் காலத்தை மெய்யாக அறிந்து எழுதியவர்கள் அனைவரும் வரலாற்றின் புறவாசலில் நிற்க வேண்டியதுதான். எதிர்காலத்தைச் சொன்னவனுக்கு மாலை, நிகழ்காலத்தைச் சொன்னவனுக்குக் கூலி என்பது சோதிடனுக்குப் பொருந்தும் நீதி, கலைக்குப் பொருந்தாது.

டர்னரைப் பீடத்திலிருந்து இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீடத்தைச் சுற்றிக் கட்டிய மதிலை இடிக்கச் சொல்கிறேன். உழைத்துக் கற்றதைக் 'கெட்டிக்காரத்தனம்' என்றும், அரங்கில் கற்றதை 'நாடகத்தனம்' என்றும், கப்பலில் கற்றதை 'விவரத் துல்லியம்' என்றும் குறைத்துப் பெயரிடும் வழக்கத்தை விடச் சொல்கிறேன். டர்னரின் கடலில் நாம் ஒளியைப் பார்க்கிறோம். ஸ்டான்ஃபீல்டின் கடலில் கயிற்றைப் பிடித்திருக்கும் கை தெரிகிறது. ஒளி அழகானதுதான். ஆனால் கப்பலைக் கரைசேர்ப்பது கை.